சமூக ஊடகப் பதிவுகளை வைத்து முதுகலை ஆய்வேடு: தலைப்பு எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதுகலையில் ஒரே பருவத்துக்குள் ஆய்வேடு முடிக்க வேண்டியவர்களுக்கானது இந்தப் பக்கம். இதழியல், மொழியியல், சமூகவியல், தமிழ், கணினி அறிவியல் என எந்தத் துறைக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டுகள் தமிழ்ப் பதிவுகளிலிருந்து, அதிலும் பெரும்பாலும் யூடியூப் கமெண்டுகளிலிருந்து வருகின்றன. ஏன் யூடியூப் என்பதற்கு மூன்றாவது கேள்வியில் பதில் இருக்கிறது.

தலைப்பை எங்கிருந்து தொடங்குவது?

பதிவுகளைப் படிப்பதிலிருந்து. "சென்டிமென்ட் அனாலிசிஸ் (உணர்வுப் பகுப்பாய்வு) பண்ணலாம்" என்றால் கையில் இருப்பது கருவி. "இன்ஸ்டாகிராம் பற்றிப் பண்ணலாம்" என்றால் கையில் இருப்பது இடம். இரண்டும் இன்னும் தலைப்பு ஆகவில்லை. கிடைக்கிற பதிவுகளே பதில் சொல்லிவிடக்கூடிய ஒரு கேள்வி வேண்டும். 200 பதிவுகளையாவது கண்ணால் படிக்காமல் அந்தக் கேள்வி வராது.

மனதில் இருக்கும் பொருளில் பத்து வீடியோக்களை எடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் இருபது கமெண்ட். மேலே மிதக்கும் பிரபலமான கமெண்டுகளை மட்டும் அள்ளாமல், புதியவை முதலில் வரும்படி மாற்றிவைத்துப் படியுங்கள். எக்செல் தாளில் ஐந்து நெடுவரிசை போதும்: கமெண்ட், தேதி, எந்த வீடியோ, எந்த எழுத்தில் இருக்கிறது, படித்ததும் என்ன தோன்றியது. இரண்டு மாலைகளில் முடிகிற வேலை. ஐந்தாவது நெடுவரிசையை மேலிருந்து கீழே படித்தால் கேள்வி தானாகத் தலைகாட்டும்.

ஒரு எடுத்துக்காட்டு. "விவசாயிகளின் மனநிலை" என்ற எண்ணத்தோடு இயற்கை விவசாய வீடியோக்களின் கீழே போகிறீர்கள். அங்கே மனநிலையைவிட அதிகம் தென்படுவது "நாத்து எங்க கிடைக்கும்?", "எந்த ஊர் அண்ணா?", "ஏக்கருக்கு எவ்வளவு செலவு ஆகும்?", "போன் நம்பர் போடுங்க". இப்போது கேள்வி மாறுகிறது: பார்ப்பவர்கள் எந்தத் தகவலைத் தேடி வருகிறார்கள்? அவர்கள் கேட்டதில் எதற்குச் சேனல்காரர் பதில் சொல்கிறார், எது பதிலில்லாமல் போகிறது? இதற்கு விடை அந்தக் கமெண்டுகளுக்குள்ளேயே இருக்கிறது. மனநிலைக்கு இல்லை.

தலைப்பு ரொம்பப் பெரிசு என்று நெறியாளர் சொல்கிறார். எப்படிச் சுருக்குவது?

"சமூக ஊடகங்களில் இளைஞர்களின் அரசியல் பார்வை: ஓர் ஆய்வு" என்ற தலைப்பைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்ப்போம். சமூக ஊடகங்கள் என்றால் எவை? எல்லாத் தளங்களிலிருந்தும் பதிவு எடுக்க உங்களுக்கு வழி இருக்கிறதா? இளைஞர்கள் என்று எப்படித் தெரியும்? கமெண்ட் போட்டவரின் வயது எங்கும் இல்லை. படமும் பெயரும் வயதையோ பாலினத்தையோ உறுதிப்படுத்தாது. அரசியல் பார்வை என்பது ஒருவர் மனதில் இருப்பது. ஒரு வரி கமெண்ட் அன்றைய கோபத்தைக் காட்டும், அவருடைய பார்வையைக் காட்டாது. "ஓர் ஆய்வு" என்பதற்குப் பொருளே இல்லை.

இதே ஆர்வத்தை இப்படி ஆக்கலாம்: 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்தது ஏப்ரல் 19. ஏப்ரல் 1 முதல் 19 வரை நான்கு தமிழ்ச் செய்திச் சேனல்கள் வெளியிட்ட விவாத வீடியோக்களின் கீழ் வந்த கமெண்டுகளில், கட்சியை விமர்சிப்பவை எவ்வளவு, பேசிய ஆளைத் தாக்குபவை எவ்வளவு? பேச்சாளர் பெண்ணாக இருந்தால் அந்த விகிதம் மாறுகிறதா? பேச்சாளர் யார் என்பது வீடியோவிலேயே தெரியும். கமெண்ட் போட்டவர் யார் என்று தெரிந்தாக வேண்டிய அவசியமே இல்லை.

சுருக்கும்போது நான்கு எல்லைகளை எழுதிப் பாருங்கள்: எந்தத் தளம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தக் கணக்குகள் அல்லது வீடியோக்கள், எதை எதோடு ஒப்பிடுகிறோம். நான்காவதை எழுத முடியவில்லையென்றால் தலைப்பு இன்னும் பழுக்கவில்லை. ஒப்பீடு இல்லாத ஆய்வேடு "60 சதவீதம் நேர்மறை" என்று முடியும். அது அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது.

எந்தத் தளத்திலிருந்து உண்மையில் பதிவுகளை எடுக்க முடியும்?

தலைப்புகள் கவிழ்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சில ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வேட்டைப் பார்த்து அதே வழியில் போகலாம் என்று நினைக்காதீர்கள். அந்தக் கதவுகள் பல மூடிவிட்டன.

ட்விட்டர் 2021 ஜனவரியில் கல்வி ஆய்வுக்கென்று தனி வழி திறந்தது. மாதம் ஒரு கோடி ட்வீட் வரை, பழைய ட்வீட்டுகளையும் சேர்த்து, இலவசமாக எடுக்க முடிந்தது. 2023இல் அது நின்றுபோனது. இன்று எக்ஸ் (ட்விட்டரின் புதிய பெயர்) தளத்தில் ஆய்வுக்குத் தேவையான அளவு பதிவு எடுக்கப் பணம் கட்ட வேண்டும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பொதுப் பக்கங்களின் பதிவுகளை எடுக்க இருந்த கிரவுட்டாங்கிள் என்ற கருவி 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது. அதன் இடத்தில் வந்த மெட்டா கன்டென்ட் லைப்ரரிக்கு நிறுவனத்தின் வழியாக விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுக்குக் காத்திருக்கலாம், ஒரு பருவ ஆய்வேட்டை அதை நம்பித் தொடங்குவது ஆபத்து. ரெடிட்டும் 2023இல் தன் ஏபிஐயை, அதாவது நிரல் வழியாகப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் வழியை, இறுக்கியது. பழைய பதிவுகளை மொத்தமாகத் தந்துகொண்டிருந்த புஷ்ஷிஃப்ட் பொது ஆய்வாளர்களுக்குக் கிடைக்காமல் போனது.

யூடியூப் இன்னும் திறந்திருக்கிறது. கூகுள் கணக்கு இருந்தால் ஏபிஐ சாவி இலவசம். நாளொன்றுக்கு 10,000 அலகு ஒதுக்கீடு. ஒரு வீடியோவின் கமெண்டுகளைக் கேட்கும் ஒரு கோரிக்கைக்கு 1 அலகு, அதற்கு 100 கமெண்ட் வரை வரும். ஆனால் சொல் கொடுத்து வீடியோ தேடும் கோரிக்கைக்கு 100 அலகு. நூறு முறை தேடினால் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும். ஆகவே வீடியோப் பட்டியலைக் கையால் தயாரித்து, அடையாள எண்களை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு கமெண்டுகளை மட்டும் ஏபிஐயில் கேளுங்கள். தொடங்கும் முன் அப்போதைய விதியை ஒருமுறை சரிபாருங்கள், இவை மாறக்கூடியவை.

இதில் பலர் கவனிக்காத பள்ளம் ஒன்று உண்டு. ஒரு கமெண்டுக்கு வந்த பதில்களில் சிலவற்றை மட்டுமே அந்தக் கோரிக்கை தரும். மீதியைத் தனிக் கோரிக்கை போட்டுத்தான் எடுக்க வேண்டும். சண்டை, கேலி, வசவு எல்லாம் பதில்களுக்குள்தான் நடக்கும். வெறுப்புப் பேச்சைப் பற்றி ஆராய்பவர் இதை விட்டுவிட்டால் ஆய்வுப் பொருளையே விட்டுவிட்டதாகிவிடும்.

டெலிகிராமில் பொதுச் சேனல்களின் பதிவுகளை எடுக்க முடியும். வாட்ஸ்அப் குழுக்கள் தனிப்பட்ட பேச்சு. உறுப்பினர்களின் ஒப்புதல் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

ஏற்கெனவே தயாராக இருக்கும் தமிழ்த் தரவுத்தொகுப்பை எடுத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. 2020இல் தமிழும் ஆங்கிலமும் கலந்த 15,744 யூடியூப் கமெண்டுகளை உணர்வு வாரியாகக் குறியிட்டு ஓர் ஆய்வுக் குழு வெளியிட்டது. நேர்மறை, எதிர்மறை, கலவை, உணர்வு தெரியாதது, தமிழ் அல்லாதது என ஐந்து வகை. பின்னர் அதே வழியில் தமிழுக்கு ஏறத்தாழ 44,000 கமெண்டுகள் கொண்ட பெரிய தொகுப்பு வந்தது. மலையாளத்துக்கும் கன்னடத்துக்கும்கூட உண்டு. இவற்றை வைத்துத் திராவிட மொழித் தொழில்நுட்பத்துக்கான பணியரங்குகளில் போட்டிகளும் நடந்திருக்கின்றன.

ஆனால் அதே தொகுப்பில் இன்னொரு மாடலை (கமெண்டுகளைத் தானாக வகைபிரிக்கப் பழக்கிய கணினி நிரலை) ஓட்டி, மதிப்பெண்ணை ஒரு புள்ளி உயர்த்தி ஆய்வேடாகக் கொடுக்காதீர்கள். பல அணிகள் ஏற்கெனவே மோதிப் பார்த்த களம் அது. அதைவிடப் பயனுள்ள கேள்விகள் இருக்கின்றன. அந்தத் தொகுப்பின் கமெண்டுகள் பெரும்பாலும் திரைப்பட டிரெய்லர்களின் கீழிருந்து வந்தவை. அதில் பழகிய மாடல் செய்தி வீடியோவின் கீழ் எவ்வளவு தடுமாறும்? "கதைக்கிறது", "சுகமா" என்று எழுதும் இலங்கைத் தமிழர் கமெண்டுகளில்? மாடல் தவறவிட்ட 300 கமெண்டுகளை எடுத்து, ஏன் தவறியது என்று கையால் வகைப்படுத்தினால் அதுவே ஒரு நல்ல முதுகலை ஆய்வேடு. மொழியியல் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைப்பது அரிது.

பதிவுகளை எண்ணித் தேர்தல் முடிவைக் கணிக்கும் தலைப்பு எடுக்கலாமா?

வேண்டாம். காரணம் தெரிந்துகொள்ள ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள். 2009 செப்டம்பர் நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட ட்வீட்டுகளை எடுத்து, கட்சிப் பெயர்கள் எத்தனை முறை வந்தன என்று எண்ணிய ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. அந்த விகிதம் வாக்கு விகிதத்துக்கு நெருக்கமாக இருந்தது என்றது அது. உலகெங்கும் அதைப் பின்பற்றி ஆய்வுகள் கிளம்பின.

2012இல் வேறு மூன்று ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். முதல் ஆய்வு நாடாளுமன்றத்தில் ஏற்கெனவே இடம்பெற்ற ஆறு கட்சிகளை மட்டும் எண்ணியிருந்தது. இணையத்தில் சத்தமாக இருந்த பைரேட் கட்சியைச் சேர்த்து எண்ணினால் மற்ற எல்லாக் கட்சிகளையும்விட அதற்குத்தான் அதிகக் குறிப்புகள். அந்தக் கட்சி தேர்தலில் பெற்றது 2 சதவீத வாக்கு. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எண்ணுவது என்பதை மாற்றினாலும் முடிவு மாறியது.

இதில் உங்கள் தலைப்புக்கு வேண்டிய பாடம் இரண்டு. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எந்தத் தேதி என்பதையெல்லாம் முடிவு தெரியும் முன்பே எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது, எழுதுபவர்கள் வாக்காளர்களின் மாதிரி அல்ல. "தமிழ்நாட்டு மக்கள் இப்படி நினைக்கிறார்கள்" என்ற வாக்கியம் ஆய்வேட்டில் எங்கும் வரக் கூடாது. "இந்த வீடியோக்களின் கீழ் எழுதியவர்கள்" என்று எழுதுங்கள்.

எத்தனை பதிவுகள் வேண்டும்?

கேள்வியைப் பொறுத்தது. ஒரு விகிதத்தை மட்டும் மதிப்பிட, 95 சதவீத நம்பிக்கையில் கூட்டல் கழித்தல் 5 புள்ளிக்குள் வேண்டுமானால் 385 பதிவு போதும். இரண்டு குழுக்களை ஒப்பிட்டு, 50க்கும் 60க்கும் உள்ள பத்துப் புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்கக் குழுவுக்குச் சுமார் 400. கணினி மாடலைப் பழக்குவதானால் 3,000 முதல் 5,000 வரை.

இந்தக் கணக்கெல்லாம் மாதிரி சமவாய்ப்பில் எடுக்கப்பட்டிருந்தால்தான் செல்லும். மேலே இருக்கும் 400 கமெண்டுகளை அள்ளினால் அது யூடியூப் தேர்ந்தெடுத்துத் தந்த 400. முழுவதையும் இறக்கி, எண்ணிட்டு, குலுக்கி எடுங்கள். ஒரே ஆள் ஐம்பது முறை கமெண்ட் போட்டிருப்பார். ஒருவருக்கு ஒன்று என்று எடுப்பதா, அப்படியே விடுவதா என்பதை முன்கூட்டித் தீர்மானியுங்கள்.

குறியிடுவதில் எங்கே சிக்கல் வருகிறது?

ஒரு கமெண்டைக் கிட்டத்தில் பார்ப்போம். மழைநீர் வடிகால் பற்றிய செய்தி வீடியோவின் கீழ் ஒருவர் எழுதுகிறார்: "மிகச் சிறப்பு, மழைக்கு ஒரு நாள் முன்னாடி ரோடு போட்டுட்டாங்க." சொற்கள் எல்லாம் நல்ல சொற்கள். பொருள் முழுக்க கோபம். திரைப்பட டிரெய்லரின் கீழோ "வெறித்தனம்", "மரண மாஸ்", "பயங்கரமா இருக்கு தலைவா". வெறி, மரணம், பயங்கரம் மூன்றும் அகராதியில் எதிர்மறை, அங்கே மூன்றும் பாராட்டு. சொற்பட்டியல் வைத்து எண்ணும் முறை தமிழில் சறுக்குவது இப்படித்தான்.

அதனால் மனிதர்கள் குறியிட வேண்டும். குறைந்தது இரண்டு பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமல். அதற்கு முன் நான்கைந்து பக்கத்தில் ஒரு குறியிடல் கையேடு எழுதுங்கள். ஒவ்வொரு வகைக்கும் விளக்கம், மூன்று எடுத்துக்காட்டு, எல்லையில் நிற்கும் இரண்டு எடுத்துக்காட்டு. "பாட்டு நல்லா இருக்கு, படம் இழுவை" எந்த வகை? "முதல் லைக் நான்தான்" எந்த வகை? இதயக் குறி மட்டும் இருந்தால்? கையேட்டில் பதில் இல்லாத ஒவ்வொரு கேள்வியும் பின்னால் இரண்டு பேருக்கு இடையே கருத்து வேறுபாடாக வரும்.

முதலில் 100 கமெண்டில் ஒத்திகை. ஒத்துப்போகும் அளவைப் பாருங்கள், ஆனால் வெறும் சதவீதத்தை நம்பாதீர்கள். 100 கமெண்டில் இருவரும் தனித்தனியாக 80ஐ நேர்மறை என்றும் 20ஐ எதிர்மறை என்றும் குறித்து, 86இல் ஒத்துப்போனார்கள் என்று வைப்போம். 86 சதவீதம் என்றால் பிரமாதமாகத் தெரியும். படிக்காமலே அதே விகிதத்தில் கண்ணை மூடிக் குறித்திருந்தாலும் 68 ஒத்துப்போயிருக்கும். அந்தத் தற்செயலைக் கழித்துச் சொல்வதுதான் கோஹனின் கப்பா: 86இலிருந்து 68ஐக் கழித்தால் 18, 100இலிருந்து 68ஐக் கழித்தால் 32, 18ஐ 32ஆல் வகுத்தால் 0.56. நடுத்தரம்தான். இரண்டு பேருக்கு மேல் குறியிட்டாலோ, சிலர் சிலவற்றை விட்டுவிட்டாலோ அதே வேலையைச் செய்யும் கிரிப்பெண்டார்ஃபின் ஆல்ஃபா என்ற அளவைப் பயன்படுத்துங்கள். அளவு குறைவாக வந்தால் எந்தக் கமெண்டுகளில் பிரிந்தார்கள் என்று உட்கார்ந்து பேசி, கையேட்டைத் திருத்தி, வேறு 100இல் மறுபடி ஒத்திகை பாருங்கள். பழைய 100இலேயே திருத்தி அளவை ஏற்றிக் காட்டுவது ஏமாற்று.

நேரக் கணக்கும் தலைப்பைத் தீர்மானிக்கும். மணிக்கு 150 கமெண்ட் என்று வைத்தால் 3,000 கமெண்டுக்கு ஒருவருக்கு 20 மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் குறியிட்டால் கவனம் சிதறும். ஆக இரண்டு வாரம். உடன் குறியிடப் போகிறவர் யார், அவர் ஒத்துக்கொண்டாரா என்பது தலைப்புப் பதிவுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சாதி வசவோ பாலியல் வசவோ நிறைந்த பதிவுகள் என்றால் இன்னும் ஒன்று: அவற்றை நாள்தோறும் படிப்பது மனதைப் பாதிக்கும். முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள், நடுவில் விலகிக்கொள்ள இடம் கொடுங்கள்.

தமிழ் எழுத்துகளில் கணினி செய்யும் பிழைகள் என்னென்ன?

கணினித் துறை மாணவர்களே இதில் விழுகிறார்கள். பைத்தான் நிரல்மொழியில் உரைக்குள் தேடவும் மாற்றவும் வழக்கமாகப் பயன்படுத்தும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுதி, சொல்லெழுத்து என்று எதை எண்ணுகிறது தெரியுமா? அ, க, ம போன்ற எழுத்துகளை மட்டும். புள்ளியும் கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகளும் அதன் கணக்கில் எழுத்தே அல்ல. நிறுத்தற்குறிகளை நீக்கலாம் என்று இணையத்தில் கிடைத்த ஒரு வரியை ஓட்டினால் "தமிழ்" என்பது "தமழ" ஆகிவிடும்.

சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் நிரல் நூலகத்தின் சொல் எண்ணும் கருவி இன்னும் மோசம். அதன் இயல்பு அமைப்பு, தொடர்ந்து இரண்டு சொல்லெழுத்தாவது இருந்தால்தான் சொல் என்று ஏற்கும். அதனால் "இல்லை"யும் "இலை"யும் இரண்டுமே "இல" ஆகின்றன. "பிடிக்கும்", "பிடிக்காது", "வேண்டாம்" ஆகியவற்றில் ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னும் ஒரு குறி வருவதால் அவை அடியோடு காணாமல் போகும். உணர்வைச் சொல்லும் சொற்களே இல்லாமல் உணர்வுப் பகுப்பாய்வு நடக்கிறது. நிரல் எந்தப் பிழைச் செய்தியும் தராது, ஒரு மதிப்பெண்ணும் வந்துவிடும். அதுதான் இதில் கொடுமை. இடைவெளியை வைத்துச் சொல் பிரிக்கும்படி அமைப்பை மாற்றுங்கள், அல்லது யூனிகோடின் தமிழ்த் தொகுதி முழுவதையும் அனுமதியுங்கள். மாற்றிய பின் முதல் ஐம்பது சொற்களை அச்சிட்டுக் கண்ணால் பாருங்கள்.

"கொ" என்ற எழுத்தை ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்க முடியும். திரையில் ஒன்று, கணினிக்கு வேறு. யூனிகோடு இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வேறு வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்குவது) இதைச் சரிசெய்யும். "ஔ" என்பதை "ஒ" போட்டு "ள" போட்டு எழுதியிருந்தால் இயல்பாக்கமும் கைவிடும், நீங்களே மாற்ற வேண்டும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும்போது "செம" என்ற ஒரே சொல் நான்கைந்து விதமாக வரும். அவற்றை ஒன்றாக்குவதா விடுவதா என்பதும் ஒரு தீர்மானம்.

எந்த மாடலைப் பயன்படுத்துவது?

எளியதை முதலில் ஓட்டுங்கள். டிஎஃப்-ஐடிஎஃப் எடையோடு (எல்லாக் கமெண்டிலும் வருவதற்குக் குறைவாகவும், சிலவற்றில் மட்டும் வருவதற்கு அதிகமாகவும் மதிப்புத் தரும் கணக்கு) எழுத்துத் துணுக்குகளை எடுத்து, எஸ்விஎம் என்ற எளிய வகைபிரிக்கும் முறையை ஓட்டுங்கள். எழுத்துக்கூட்டல் மாறும் கமெண்டுகளுக்கு முழுச் சொல்லைவிட மூன்று முதல் ஐந்து எழுத்துத் துணுக்குகள் நன்றாக வேலை செய்யும். அதன்பின் முரில் என்ற மொழி மாடல். கூகுள் வெளியிட்ட இந்த மாடல், இந்திய மொழிகளை ஆங்கில எழுத்தில் பெயர்த்த உரையையும் சேர்த்துப் பழக்கப்பட்டது, அதனால் தங்கிலீஷுக்குப் பொருந்தும். சில ஆயிரம் கமெண்டுகளுக்கு, இணையத்திலேயே நிரல் ஓட்ட உதவும் கூகுள் கோலாபின் இலவச வசதியே போதும்.

துல்லிய சதவீதத்தை மட்டும் தராதீர்கள். 1,000 கமெண்டில் 900 சாதாரணம் என்றால், எல்லாவற்றையும் சாதாரணம் என்று சொல்லும் மாடலுக்கும் 90 சதவீதம் வரும். எல்லா வகைகளையும் சமமாக எடைபோடும் மேக்ரோ எஃப்1 மதிப்பையும், எந்த வகை எதுவாகத் தவறியது என்ற அட்டவணையையும் கொடுங்கள். ஒரே கமெண்டைப் பலர் வெட்டி ஒட்டியிருப்பார்கள். அது பழக்கும் பகுதியிலும் சோதிக்கும் பகுதியிலும் இருந்தால் மதிப்பெண் பொய்யாக ஏறும். நகல்களை நீக்கிவிட்டு இரண்டு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கமெண்ட் வாரியாக இல்லாமல் வீடியோ வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் குறியிடும் வேலையைக் கொடுக்கலாமா?

உதவிக்குக் கொடுக்கலாம், நடுவராக வைக்கக் கூடாது. மனிதர் இருவர் குறியிட்ட 500 கமெண்டாவது தனியே இருந்து, அதோடு ஒப்பிட்டு அது எவ்வளவு சரி என்று காட்ட வேண்டும். கொடுத்த கட்டளை, மாடலின் பதிப்பு, தேதி மூன்றையும் பின்னிணைப்பில் வையுங்கள். அடுத்த மாதம் அதே கட்டளைக்கு வேறு பதில் வரலாம். கமெண்டோடு பெயர்களை அனுப்பாதீர்கள்.

பொதுவெளியில் போட்ட பதிவுதானே, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

சட்டமும் நெறியும் ஒன்றல்ல. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமாகவே பொதுவில் வெளியிட்ட தகவலுக்குப் பொருந்தாது. ஆனாலும் கமெண்ட் போட்டவர் ஓர் ஆய்வேட்டின் 74ஆம் பக்கத்தில் தம் வரிகள் வரும் என்று எதிர்பார்த்து எழுதவில்லை. ஃபேஸ்புக் 6,89,003 பயனர்களின் பக்கத்தில் வரும் பதிவுகளை மாற்றி, அவர்கள் உணர்வு மாறுகிறதா என்று பார்த்த ஆய்வு 2014இல் வெளியானபோது உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அவர்களிடம் தனியாகக் கேட்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

நடைமுறையில்: பெயர், படம், சேனல் முகவரியை இறக்கியவுடன் எண்களாக மாற்றிவிடுங்கள். ஆய்வேட்டில் கமெண்டை அப்படியே மேற்கோள் காட்டினால் தேடுபொறியில் போட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பொருள் மாறாமல் சொற்களை மாற்றி எழுதுங்கள், மாற்றியதாகவும் குறிப்பிடுங்கள். நோய், சாதி, பாலியல், தற்கொலை எண்ணம் பற்றிய பதிவுகளில் இது கட்டாயம். யூடியூப் ஏபிஐ விதியில் எடுத்த தரவை 30 நாளுக்குள் புதுப்பிக்கவோ அழிக்கவோ சொல்லும் பிரிவு இருக்கிறது. ஆய்வாளர்களுக்கென்று யூடியூப் தனித் திட்டமும் வைத்திருக்கிறது. விதிகளை நெறியாளரோடு உட்கார்ந்து படித்து, பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவில் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். குழு கூடும் நாளுக்காகக் காத்திருக்க நேரும், முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள்.

மீம், ரீல்ஸ் பற்றி எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் எண்ணிக்கையைக் குறையுங்கள். மீமில் உள்ள தமிழ் எழுத்தைக் கணினி படிப்பதில் பிழை அதிகம், படத்தில் இருக்கும் திரைப்படக் காட்சி தெரியாமல் பொருளும் புரியாது. 150 மீமை ஆழமாகப் படிக்கும் ஆய்வு, 5,000 மீமை மேலோட்டமாக எண்ணும் ஆய்வைவிட நன்றாக நிற்கும்.

செய்யக்கூடிய தலைப்புகள் சில சொல்ல முடியுமா?

குறியிடுபவரே தேவைப்படாத ஒன்று: தமிழ் எழுத்தில் எழுதுவதா, ஆங்கில எழுத்தில் எழுதுவதா? பக்திச் சொற்பொழிவு, செய்தி விவாதம், திரைப்பட டிரெய்லர், சமையல் ஆகிய நான்கு வகை வீடியோக்களின் கீழ் அந்த விகிதம் எப்படி மாறுகிறது? எழுத்தைக் கணினியே பிரித்துவிடும். மொழியியல், தமிழ்த் துறை மாணவர்களுக்கு முதல் பரிந்துரை இதுதான்.

மருத்துவர்கள் நடத்தும் சேனல்களில் கமெண்டாக வரும் கேள்விகள் எவை, எத்தனைக்குப் பதில் வருகிறது, மருத்துவருக்குப் பதிலாக மற்ற பார்வையாளர்கள் என்ன மருந்து சொல்கிறார்கள் என்பது பொதுநலத்துக்கு நேரடியாக உதவும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நேரலைச் செய்திகளின் கீழ் உதவி கேட்டவர்கள் இடம், தேவை, எத்தனை பேர் என்ற மூன்றையும் சொன்னார்களா? எது விடுபட்டது? பேரிடர் மேலாண்மைக்கு வேண்டிய கேள்வி இது. அந்தக் கமெண்டுகளில் தொலைபேசி எண்கள் இருக்கும், முதல் வேலையாக அவற்றை நீக்குங்கள்.

இருபது வாரத்தில் முடியுமா?

முதல் இரண்டு வாரம் படிப்பதற்கு. மூன்றாவது வாரம் ஒரே வீடியோவில் முழுத் தரவு எடுத்து வழி திறந்திருக்கிறதா என்று சோதனை. நான்காவது வாரம் ஆய்வுச் சுருக்கம், தலைப்புப் பதிவு. அடுத்த இரண்டு வாரம் கையேடும் ஒத்திகையும். பன்னிரண்டாம் வாரத்துக்குள் குறியிடல் முடிய வேண்டும், மூன்று நான்கு வாரம் பகுப்பாய்வு, மீதி எழுத்து. தாமதம் எப்போதும் குறியிடலில்தான் வரும். அப்போது எண்ணிக்கையைக் குறையுங்கள், ஒத்திகையைக் குறைக்காதீர்கள்.

வாய்மொழித் தேர்வில் என்ன கேட்பார்கள்?

"ஏன் இந்த வீடியோக்கள்?", "ஏன் இந்தத் தேதிகள்?", "அழிக்கப்பட்ட கமெண்டுகள் என்ன ஆயின?" இந்த மூன்றும் கட்டாயம் வரும். மூன்றுக்கும் பதில் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். முதல் நாளிலிருந்து எழுதிவாருங்கள்: இறக்கிய தேதியும் நேரமும், வீடியோப் பட்டியலும் அவற்றைத் தேர்ந்த விதியும், கமெண்ட் பகுதி மூடப்பட்டிருந்ததால் விட்ட வீடியோக்கள். பிறகு ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை: இறக்கியது எத்தனை, நகல் நீக்கியபின் எத்தனை, குறிப்படங்கள் (எமோஜி) மட்டும் உள்ளவற்றை நீக்கியபின் எத்தனை, தமிழ் அல்லாதவற்றை நீக்கியபின் எத்தனை, குலுக்கி எடுத்தது எத்தனை. சேனல் நிர்வாகிகள் நீக்கிய கமெண்டுகள் உங்கள் கைக்கு வராது. வெளியான அன்றே ஒருமுறையும் ஒரு வாரம் கழித்து ஒருமுறையும் இறக்கி ஒப்பிட்டால், இடையில் எத்தனை மறைந்தன என்ற எண்ணாவது உங்களிடம் இருக்கும்.